முன்தோற்றம்

காலை ஒன்பது மணிக்கு இதழினி கரையோர வாரிய அலுவலகத்தில் அறிக்கையைத் திறந்தாள். திரையின் இடப்பக்கம் எண்கள், வலப்பக்கம் வரைபடம். இடப்பக்கம் எதைத் திருத்தினாலும் இரண்டு நொடியில் வலப்பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். புன்னைத்துறையின் ஒவ்வொரு வீட்டுச் சுவர்த்திரையிலும் அதே முன்தோற்றம் ஓடிக்கொண்டிருக்கும். எதையும் மறைக்கக்கூடாது என்று மக்களே கேட்டு வாங்கிய சட்டம் அது.

கடல் ஏறிவரும் தூரத்தை அவள் மீட்டரில் எழுதுவாள். வரைபடத்தில் அதைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்குள் வரும் வீடுகளை முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். 180 என்று அடிக்கும்போது 18இல் சற்றுத் தயங்கினால் போதும், சுவர்களில் ஊர் முழுவதும் தப்பிவிடும். அடுத்த சுழியத்தில் இரண்டு தெருக்கள் போய்விடும்.

அன்று சவரிமுத்து என்ற மீனவர் அவளைத் தேடி வந்தார். சண்டை போட வரவில்லை.

"எம்மா, நேத்து மட்டும் என் வீடு மூணு தடவை போயிட்டுத் திரும்ப வந்துச்சு. எம்பொண்டாட்டி மூணு தடவை சாமான் கட்டி, மூணு தடவை பிரிச்சா. இன்னைக்கு அவ எந்திரிக்கவே இல்ல."

இதழினி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அமைப்புகளுக்குள் போய்த் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தினாள். காரணம் கேட்ட கட்டத்தில் 'இன்னும் எழுதி முடிக்கவில்லை' என்று அடித்தாள். ஊர்ச் சுவர்களில் வரைபடம் அப்படியே உறைந்தது. இயக்குநர் அழைத்து, எதையோ ஒளிக்கிறோம் என்று ஊர் பேசும் என்றார். மாலைக்குள் முடித்துவிடுவதாக அவள் சொன்னாள்.

நான்கு மணிக்குக் கணக்கு நின்றது. 165. வரைபடம் வரையாமலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, உங்க வீடு கோட்டுக்குள்ள வருது. இனிமே மாறாது."

அவர் பத்து நிமிடம் கேட்டார். சுவர் சொல்வதற்கு முன் மனைவியிடம் தான் சொல்ல வேண்டும் என்றார்.

சட்டப்படி அது தவறு. இதழினி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளி நடையில் அவர் தொலைபேசியில் மனைவியிடம் தணிந்த குரலில் பேசுவது கேட்டது.

திரும்பி வந்தார். "சொல்லிட்டேம்மா. இப்பப் போடுங்க."

அவள் 'புதுப்பி'யை அழுத்தினாள். கோட்டுக்குள் வந்த மற்ற நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் அதைச் சுவரில்தான் பார்த்தார்கள்.