வாங்கியவர் யார்?

குற்றவாளிக் கூண்டில் நின்ற டெல்பின் வலது கையைச் சார்புமானியின் தகட்டில் வைத்தாள். கை செய்த காரியத்தை யாருக்காகச் செய்தது என்று நரம்புத் தடத்திலிருந்து படித்துச் சொல்லும் இயந்திரம் அது. விற்பவனின் ஆள் என்றால் பத்து வருடம் சிறை. வாங்குபவனுக்காகக் கடைக்குப் போய் வந்தவள் என்றால் விற்பனைக் குற்றமே கிடையாது. ‘நான் சும்மா வாங்கித்தான் கொடுத்தேன்’ என்கிற பழைய பல்லவியை ஒழித்துக்கட்டத்தான் அரசு வழக்கறிஞர் கிருபாநிதி மூன்று வருடம் அலையாய் அலைந்து இதைத் தூத்துக்குடி நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். பாவம், மனிதர்.

“இவருக்கு மேகத்துளி வித்தீங்களாம்மா?” என்று சாட்சிக் கூண்டைக் காட்டிக் கேட்டார் நீதிபதி மதிவதனா. மேகத்துளி, தடை செய்யப்பட்ட வலிமருந்து. நாக்கில் ஒரு சொட்டு விட்டால் வலியோடு நாள் கிழமையும் மறந்துபோகும்.

“விக்கலம்மா. துறைமுகத்துல கிரேன் ஓட்டுதேன். ஏறி இறங்க நூத்தி எழுவது படி. யாரு கீழ இறங்குதாவளோ அவுகதான் எல்லாருக்கும் வாங்கியாரணும். டீ, வெத்தலை, தைலம், எல்லாந்தான். புதுசா வந்த இந்த அண்ணன் முதுகுவலி தாங்கலன்னு மூணு நாளா கெஞ்சுனாரு. மனசு கேக்கல. வாங்கியாந்து குடுத்தேன்.”

அந்த ‘அண்ணன்’ சாட்சிக் கூண்டில் நெளிந்தார். அவர் மாறுவேடக் காவலர் பேச்சிராஜன்.

திரையில் எழுத்து விழுந்தது: ‘வாங்குபவருக்காக.’ டெல்பினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கிருபாநிதி எழுந்தார். “பேச்சிராஜன் வாங்க வந்தவரே இல்லைங்கம்மா, நடிச்சாரு. இல்லாத வாங்குபவருக்கு ஆள் எங்கேயிருந்து வரும்?”

டெல்பினுக்கே அது நியாயம் போலத்தான் இருந்தது, சனியன்.

“அப்போ அவர் கையையும் வைக்கச் சொல்லுங்கம்மா” என்றாள் டெல்பினின் வழக்கறிஞர் ரஹ்மத்.

பேச்சிராஜன் கை வைத்தார். திரை சொன்னது: ‘அரசுக்காக.’

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “இந்தம்மா பேச்சிராஜனுக்காக வாங்கினாங்க. பேச்சிராஜன் அரசுக்காகக் கேட்டார். ஆக, மருந்தை வாங்கினது அரசு. இயந்திரம் சொல்றது அதுதானே?”



“அப்ப நான் பாத்தது கவர்மென்ட் உத்தியோகமாம்மா?” என்று டெல்பின் கேட்டாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். நீதிமன்றமே சிரித்தது.

“விடுதலை” என்றார் நீதிபதி. “இதே மாதிரி காவலர் கேட்டு வாங்கிக் கொடுத்துட்டு உள்ளே இருக்கிறவங்க எத்தனை பேர்?”

“அறுநூத்திப் பன்னிரண்டு” என்றார் எழுத்தர்.

“ஒருத்தர் விடாம வரவழையுங்க.”

“நான் மேல்முறையீடு செய்யப்போறேன்” என்றார் கிருபாநிதி.

“தாராளமா. ஆனா மனு கொடுக்கிறவரும் யாருக்காகக் கொடுக்கிறார்னு தகட்டுல கை வைக்கணும். அந்த விதியை எழுதினதே நீங்கதான்.”

கிருபாநிதி தகட்டைப் பார்த்தார். அடுத்த மாதம் வரவேண்டிய பதவி உயர்வும், திரையில் ‘தனக்காக’ என்று விழப்போகும் எழுத்தும் கண்முன் வந்திருக்க வேண்டும். இரண்டு கைகளையும் மெல்லக் கறுப்பு அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்.

“மேல்முறையீடு இல்லைங்கம்மா.”