சுந்தரம்மாள் அளவுக்கு எதிர்ப்பக்கம்

விஜி போன் செய்த அன்றே பசுவந்தனைக்குப் பஸ் ஏறியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று ஏன் சொன்னேன்?

அமுதவள்ளி இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு விடியுமுன் தங்கை விஜி பசுவந்தனையில் தன் புருஷன் வீட்டுக் கிணற்றில் பிணமாகக் கிடந்தாள்.

2006 செப்டம்பர் 14, காலை 9.10. கோவில்பட்டி. அண்ணன் முத்துசெல்வத்தின் கம்ப்யூட்டர் கடை.

பதினோரு மணிக்கு ஆர்.டி.ஓ. விசாரணை. விஜி கால் தவறி விழுந்ததாக அவள் புருஷன் சங்கரபாண்டி சொல்லியிருந்தான். தையல் நோட்டில் எல்லாம் எழுதியிருப்பதாக விஜி அமுதவள்ளியிடம் போனில் சொல்லியிருந்தாள். அந்த நோட்டை முத்துசெல்வம் ஸ்கேன் செய்து போலீசில் சிடியாகக் கொடுத்திருந்தான். அதில் ஜாக்கெட் அளவுகள் மட்டுமே இருந்தன. எழுதிய தாளைச் சங்கரபாண்டி கிழித்திருப்பான் என்பது முத்துசெல்வத்தின் கட்சி. விஜியின் துணிமணிகளோடு நோட்டையும் எரித்துவிட்டதாக அவனே சொல்லியிருந்தான்.

திரையில் அந்த ஸ்கேன் ஒவ்வொரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. அமுதவள்ளி அதை மாற்றினாள். முதல் பக்கம் தனியே. மற்றவை விரித்த நோட்டுப் போல இரண்டிரண்டாக. இடப்பக்கம் அளவு, வலப்பக்கம் அதே ஜாக்கெட்டின் கழுத்துப் படம். துணி வெட்டும்போது தாளைத் திருப்பக்கூடாது என்று விஜி அப்படித்தான் எழுதுவாள்.

9.25. இடப்பக்கம் சுந்தரம்மாள் அளவு. வலப்பக்கம் படம் இல்லை, வெயிலம்மாள் அளவு. அதன்பின் கடைசிவரை படங்கள் இடப்பக்கம், அளவுகள் வலப்பக்கம்.

"ஸ்கேன் பண்ணும்போது கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல. நான்தான்."

"சிடியில வேற யாரும் கை வச்சாங்களா?"

"இல்லட்டி. ஏன்?"

"தாளக் கிழிச்சா முன்னும் பின்னும் ரெண்டு பக்கம் போகும். இடம் வலம் மாறாது. இங்க ஒரு பக்கம் மட்டும் இல்ல. அதுக்குப் பின்பக்கம் வெயிலம்மா அளவு இருக்கு. கிழிக்கலண்ணே. நீ ஸ்கேன் பண்ணாம விட்டிருக்க."

முத்துசெல்வம் பேப்பர் கட்டுகளுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து வைத்தான்.

சுந்தரம்மாள் அளவுக்கு எதிரே, படம் இருக்க வேண்டிய இடத்தில், விஜியின் எழுத்து. 'கிணத்துல தள்ளிருவேன்னு எங்க வீட்டுக்காரவிய சொல்லுதாவ. அண்ணன்ட்ட போய் அழுதேன். பொறுத்துப் போன்னு திரும்ப பஸ் ஏத்தி விட்டான். ஜன்னல் வழியா வாழப்பழம் வாங்கித் தந்தான்.'

அமுதவள்ளிக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. கை எழவில்லை. போன் வந்த அன்று அவளும் போகாதவள்தானே.

"இத வெளிய காட்டாத வள்ளி. அந்தப் பய கிழிச்சிட்டான்னே சொல்லிருவோம். இது தெரிஞ்சா ஊருக்குள்ள நான் எப்படி நடமாட?"

நோட்டை வாங்கக் கை நீட்டினான்.

"மாட்டேண்ணே," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.