முன்கூட்டியே கிழிந்த காலண்டர்

“எங்கப்பாவை ஒருத்தி கொல்லப் பார்த்திருக்கா சார்” என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார் அந்த வங்கி மேலாளர்.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பதறவில்லை. மனைவி போனதிலிருந்து ஒரு டம்ளர் டீ மட்டும்தான் போட்டுப் பழக்கம். அதை வந்தவர் பக்கம் நகர்த்திவிட்டு, “சொல்லுங்க” என்றார். அவருடைய மச்சினர், மருந்துக் கடைக்காரர், அதற்குள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். தெருவில் அவருக்கு ‘முந்திரிக்கொட்டை’ என்று பெயர். காரணத்தை யாரும் கேட்டதில்லை.

மேலாளரின் அப்பா பழைய பஸ் கண்டக்டர். தனியாக இருக்கிறார். தோளும் இடுப்பும் பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் போனதால் நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது டாக்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். சம்பளத்துக்குப் பகலில் வந்து அவரைக் கவனித்துக்கொள்ளும் அக்கா, மகளின் பிரசவத்துக்கு லீவில் போயிருந்தார். அந்த வாரமே கண்டக்டர் வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, சமையலறையில் மயங்கி விழுந்தார். நல்லவேளை, பக்கத்து வீட்டார் பார்த்துவிட்டார்கள். மாத்திரை திடீரென்று நின்றதுதான் காரணம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

“வீட்ல ஒரு மாத்திரைகூட இல்ல சார். அந்தம்மாதான் எடுத்துட்டுப் போயிருக்கணும். சாயங்காலம் போலீஸ்ல புகார் கொடுக்கப் போறேன். மாத்திரை முடிஞ்சதும் எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்னு அப்பாகிட்ட சொல்லியிருந்தேன். அதுக்குள்ள இப்படி.”

“சந்தேகமே இல்ல மாமா, அந்தம்மாதான்” என்றார் முந்திரிக்கொட்டை.

மூவரும் போனபோது கண்டக்டர் வீட்டு வாசலில் அந்த அக்கா அழுத கண்களோடு நின்றுகொண்டிருந்தார். “பேரப்பிள்ளையை விட்டுட்டு ஓடி வந்தேன் சார். புகார்னு ஒண்ணு போயிட்டா இனி எந்த வீட்லயும் என்னை உள்ள விடமாட்டாங்க.”

“மாத்திரையை எப்படிக் கொடுப்பீங்க?”

“ஐயாவுக்கு டப்பா மூடியைத் திறக்க விரல் வராது. ஆனா காலையில எழுந்ததும் தேதி கிழிக்காம இருக்கமாட்டார். அதனால அந்தந்தத் தேதித் தாள்லயே அன்னிக்கு உள்ளதைப் பொட்டலமா மடிச்சுக் குத்தி வச்சிடுவேன். டாக்டர் சொன்ன கடைசி நாள் வரைக்கும் குத்திட்டுத்தான் லீவுல போனேன்.”

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். காலண்டர் அடுத்த மாதத்துக்கும் அடுத்த மாதத்தைக் காட்டியது. அதில் பொட்டலம் எதுவும் இல்லை.

“தேதிகூடப் புரியல அவருக்கு. புத்தி தடுமாறிடுச்சு” என்றார் மகன்.

இன்ஸ்பெக்டர் வீட்டைச் சுற்றி வந்தார். வாசலில் பழைய செருப்பு புதிதாகப் பாலிஷ் போட்டு மின்னியது. இந்த வெயிலில் கொடியில் ஒரு கம்பளிச் சட்டை துவைத்துக் காயப்போட்டிருந்தது.

“உங்க ஊர் குளிருமா?” என்று மகனிடம் கேட்டார்.

“மலை சார். நல்லாவே குளிரும்.”

“பால்காரர்கூட வழியில கேட்டார் சார், ஐயா ஏன் பாலை நிறுத்தச் சொல்லிட்டார்னு” என்றார் அக்கா.

இன்ஸ்பெக்டர் மச்சினரிடம் திரும்பினார். “மாப்ளே, அந்த மாத்திரை என்ன விலை?”

“மிட்டாய் விலை மாமா. திருடி வித்தா பஸ்ஸுக்குக்கூடக் காணாது” என்று சொன்ன பிறகுதான், தன் வழக்கைத் தானே உடைத்துவிட்டது அவருக்குப் புரிந்தது. முகம் தொங்கிப்போயிற்று.

“கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி இருக்கும். இழு.”

இருந்தது. மடித்த சட்டைகளுக்கு மேல் கண்டக்டரின் பழைய தோல்பை. அதற்குள் காலண்டர் தாள்கள், டிக்கெட்டுக் கட்டுபோல வரிசை மாறாமல் ரப்பர் பேண்டு போட்டு. ஒவ்வொன்றிலும் பிரிக்காத பொட்டலம்.

“புத்தி தடுமாறினவர் கிழிச்சு வீசியிருப்பார். இவர் அடுக்கி வச்சிருக்கார்” என்றார் இன்ஸ்பெக்டர். “மாத்திரை முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க. வலி குறைஞ்சிருந்தது. எதுக்குக் காத்திருக்கணும்னு ஒரே காலையில அத்தனை நாளையும் கிழிச்சு, மாத்திரையை முடிச்சுட்டார். கம்பளிச் சட்டையைத் துவைச்சார், பாலை நிறுத்தினார், பெட்டியைக் கட்டினார். உங்களுக்காகக் காத்திருந்தார்.”

“இந்த மாத்திரையை அப்படி விடக்கூடாது” என்றார் முந்திரிக்கொட்டை. அன்றைக்கு முதன்முறையாக நிதானமாகப் பேசினார். “ரொம்ப நாள் வெளியிலேருந்து கொடுத்தா, அதே மாதிரி ஒண்ணை உடம்பு தானா சுரக்கிறதை நிறுத்திட்டுத் தூங்கிடும். அது எழுந்திருக்கத்தான் டாக்டர் மெல்ல மெல்லக் குறைக்கிறார். வயசானவங்களுக்கு இன்னும் கவனமா. படக்குனு நிறுத்தினா ஆளையே சாய்ச்சிடும்.”

மகன் அந்தத் தாள்கட்டைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“கூட்டிட்டுப் போறேன்னு சொன்னது இதுதான் முதல் தடவையா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

பதில் அக்காவிடமிருந்து வந்தது. “முதல்ல மழை முடியட்டும்னாங்க. அப்புறம் பிள்ளைங்க பரீட்சை. அப்புறம்தான் சார் மாத்திரை.”

இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது. அவருடைய மகளும் வர முடியாததற்குப் போன மாதம் போனில் பிள்ளைகளின் பரீட்சையைத்தான் சொல்லியிருந்தாள்.

மகன் தலைகுனிந்தபடி அக்காவிடம் வந்தார். “புகார் கொடுக்கல. மன்னிச்சிடுங்க” என்றார்.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏறி, கண்டக்டர் தெளிந்து படுத்திருந்தார். மகனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“மாத்திரை முடிஞ்சிடுச்சுப்பா. எப்ப கிளம்பறோம்?”

மகன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வழக்கம்போல ஒரு சாக்கு நாக்கு நுனிவரை வந்திருக்க வேண்டும். கதவருகே நின்ற இன்ஸ்பெக்டரைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினார். “வீட்ல இடம் இல்லப்பா. எப்பவுமே இல்ல. முடியாதுன்னு உங்ககிட்ட சொல்ல வாய் வரல.”

கண்டக்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இதை அப்பவே சொல்லியிருந்தா, மாத்திரையை ஒழுங்கா முழுங்கிட்டு இருந்திருப்பேனேடா.”

அக்கா போர்வையைச் சரிசெய்துவிட்டுச் சொன்னார், “டாக்டர் மறுபடி முதல்லேருந்து குறைக்கணும்னு சொல்றார் ஐயா. இந்தத் தடவை ரொம்ப மெதுவா.”

“குறைக்கட்டும். எனக்கு இனிமே என்ன அவசரம்?” என்றார் கண்டக்டர்.