அடைப்புக்குறிக்குள் ஒரு மாணவன்

மார்ச் பதினான்காம் தேதி மாலை நான்கு பத்துக்கு, பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கல்விக் கட்டடத்தில், மூன்றாம் மாடிக்கு மேலே லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே இருவர்.

மழையில் நனைந்திருந்த அவன் அவசரப் பொத்தானை அழுத்தி விஷயத்தைச் சொன்னான்.

"பயப்படாதீங்கம்மா, பத்து நிமிஷம்" என்றது ஒலிபெருக்கி.

"எனக்கென்ன பயம்?" என்று அவள் சிரித்தாள்.

"உங்கள இல்ல... என்னைச் சொன்னாரு. குரல வச்சே தீர்மானிச்சிடுவாங்க."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவன் இமை நுனியில் ஒரு மழைத்துளி... விழாமல் நின்றது. கையில் படிப்பை நிறுத்தும் விண்ணப்பம்.

"ஏன் நிறுத்துறீங்க?"

"நான் திருநம்பி. ஆன்லைன் வகுப்புல கேமரா போடாம ஒரு கேள்வி கேட்டேன். சப்டைட்டில்ல, அடைப்புக்குறிக்குள்ள, 'பெண் மாணவர்'னு வந்துச்சு. எங்கக்கா என்னைத் தம்பின்னு கூப்பிடவே ரெண்டு வருஷமாச்சு... ஒரே வரியில அழிச்சுட்டாங்க. அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு. அதுக்கும் சப்டைட்டில் ஓடும்."

வகுப்புகளுக்குச் சப்டைட்டில் தட்டுவது அவள் வேலை; அந்த வரியைத் தட்டியவள் அவள்தான்.

"முகம் தெரியலைன்னா குரல வச்சு எழுதணும். ஆபீஸ் விதி" என்றாள் விறைப்பாக. "ஆறு வருஷமா என் வரியில ஒரு பிழை கிடையாது."

"ஓ... மேடம்தானா அது? யாரும் சொல்லலைன்னா பிழை இல்லைன்னு ஆயிடுமா?"

கதவு திறந்தது. மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது, வீம்பு விடவில்லை.

"ஒரு வாரம் பொறுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மேலாளர் முன் நின்றாள். "தப்பு நான் பண்ணது சார். தங்களை எப்படிக் குறிப்பிடணும்னு மாணவர்களே சொல்லட்டும். பழைய பதிவெல்லாம் நானே திருத்துறேன்."

"ஒருத்தருக்காகவா இத்தனை?"

"ஒருத்தர் வாயத் திறந்ததால தெரிஞ்சுது. திறக்காதவங்க எத்தனை பேரோ..."

அவள் எழுதி நீட்டிய புதிய விதியில் மேலாளர் கையெழுத்திட்டார். விண்ணப்பத்தில் பார்த்த மின்னஞ்சல் முகவரி அவளுக்கு மனப்பாடம். திருத்திய பதிவை அனுப்பி, கீழே 'மன்னிச்சிடுங்க' என்று எழுதினாள்.

தேர்வன்று அவன் பதினோரு நிமிடம் பேசினான். எங்கும் தயங்கவில்லை. தட்டச்சு செய்தவளுக்குத் தானே மேடையேறியது போல நெஞ்சு நிமிர்ந்தது.

மாலையில் அவள் அறை வாசலில் நின்றான்.

"படிப்பைத் தொடர்றேன்னு சொல்ல வந்தேன்."

"மெயில்ல சொன்னா போதாதா?"

"போதும்... உங்களப் பார்க்க முடியாதே."

அவள் கண்கள் தாழ்ந்து, பின் துணிந்து எழுந்தன. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு... சொல்லலாமா?"

"சொல்லிட்டுக் கேக்குறீங்க. எனக்கு அந்த லிஃப்ட்லயே பிடிச்சுப் போச்சு... கோபத்தோட சேர்த்து."

வாய்மொழித் தேர்வில் அவனுக்கு இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு. அந்தப் பருவத்தில் பதினேழு மாணவர்கள், தங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.