மூன்று தடவை நனைந்த வளைவு

"நிறுத்துங்க! தண்ணியை நிறுத்துங்க!"

குரல் கேட்டுத் தோரா திரும்பிப் பார்ப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது. ரேஸ் தடத்தில் புழுதி அடங்குவதற்காக, இரண்டு குதிரை பூட்டிய தண்ணீர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள் அவள். ஓரத்தில் ஒரு சிவப்புக் கார் நிற்பதைப் பார்த்தாள்தான். அதற்குப் பின்னால் ஒருவன் குந்தி உட்கார்ந்து சக்கரத்தை முடுக்கிக்கொண்டிருந்ததைத்தான் பார்க்கவில்லை. வண்டியின் பின்குழாய் விசிறியடித்த தண்ணீர் அவனைத் தலையோடு குளிப்பாட்டிவிட்டது.

அவன் எழுந்து நின்றான். முகத்துப் புழுதியெல்லாம் சேறாகி வழிந்தது. மெல்லக் கண்ணாடியைக் கழற்றினான்... சேற்றுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று இரண்டு வட்டம். அதற்குள் இரண்டு கண்கள். சாம்பலா, பச்சையா என்று அடித்துச் சொல்ல முடியாத கண்கள்!

தோரா சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாதுதான். ஆனால் வந்த சிரிப்பை என்ன செய்வது?

"சிரிப்பு வேற வருதா உங்களுக்கு?"

"மன்னிச்சுக்கோங்க... அப்படியே ஆந்தை மாதிரி இருக்கீங்க."

"ஆந்தையா! என் படத்தைப் போட்டு ஊர் ஊரா போஸ்டர் ஒட்டியிருக்காங்க, தெரியுமா?"

"தெரியும். அந்தப் போஸ்டர் மழையில நனைஞ்சா எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது."

"நல்ல வாய்! உங்க கையில போய் யாருங்க குதிரையைக் குடுத்தது?"

"எங்கப்பாதான். இந்தத் தடம் பத்தொன்பது வருஷமா அவர் பொறுப்பு. குதிரை உதைச்சு கை உடைஞ்சு கிடக்காரு, அதனால நான் வந்தேன். சரி, காரைத் தடத்துல நிறுத்தச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னது?"

அவன் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தான். "எமெட் கார்வர்," என்றான், ஏதோ கோர்ட்டில் பெயர் கேட்டதுபோல.

"தோரா மிக்கெல்சன்," என்று சொல்லிவிட்டுக் கடிவாளத்தைத் தட்டினாள். இருபது அடி போனதும் திரும்பிப் பார்த்தாள். அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அடடா, இவன் எதற்கு இன்னும் நிற்கிறான்... நான் எதற்குத் திரும்பினேன்?

தோராவின் அப்பா நீல்ஸ் மிக்கெல்சனுக்குக் கார் என்றாலே வேப்பங்காய். அவர் பந்தயக் குதிரை வளர்க்கிறவர். அமெரிக்காவில், ஐயோவா மாநிலப் பொருட்காட்சி நடக்கும் அந்த ஆகஸ்டு வாரத்துக்காக, வருஷம் முழுக்கக் களிமண்ணை உழுது, சலித்து, உருளை ஓட்டிப் பட்டுப்போல வைத்திருப்பார். குதிரை ஓடினால் அந்தத் தடம் சிரிக்கும். கார் ஓடினால் ஒரே நாளில் குண்டும் குழியுமாய்க் கிழிந்து தொங்கும்.

"இந்தக் கார்க்காரனுங்க நாலு நாள் இருப்பானுங்க, கிளம்பிப் போயிடுவானுங்க. மண்ணைக் கொத்திச் சீர் பண்றது யாரு? இந்த நீல்ஸ்! அவனுங்க பக்கம் தலை வச்சுப் படுக்காதே, தோரா," என்றார்.

தோரா தலையாட்டினாள். ஆட்டத்தானே வேண்டும்?

வியாழக்கிழமை மழை கொட்டியது. சும்மா மழையா அது! சோளக்காட்டுப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து, பொருட்காட்சிக் கூடாரங்களையெல்லாம் பிய்த்துவிடும்போல அடித்தது. மண் தடத்தில் மழை விழுந்தால் அன்றைக்கு ரேஸ் கிடையாது. குதிரைக் கொட்டடி வாசலில் நின்று கையை நீட்டி மழைத்துளி பிடித்துக்கொண்டிருந்தாள் தோரா. அப்போது தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு எமெட் ஓடி வந்தான். கையில் காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று.

"சர்ச்காரங்க சாப்பாட்டுக் கூடத்துல நெல்லிக்காய் வச்சுச் சுட்ட பலகாரம் வாங்கினேன். கடைசித் துண்டு. பாதி உங்களுக்கு."

"எதுக்காம்?"

"குளிப்பாட்டினதுக்குக் கூலி."

முகம் கழுவியிருந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கண் பச்சைதான்... மழை வெளிச்சத்தில் பச்சை. புளிப்பில் அவன் ஒரு கண்ணைச் சுருக்கியதைப் பார்த்துத் தோராவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் வைக்கோல் கட்டுமேல் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுத்தான். மழை விட ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் அந்த இடம் எப்படியோ பாதியாகிவிட்டது.

"மூணு வருஷமா ஊர் ஊரா ரேஸ் ஓட்டி, ரயில்லயேதான் வாழ்க்கை," என்றான் எமெட். "ஒரு ஊரும் மனசுல நிக்கல. இந்த ஊரை விட்டுப் போகத்தான் மனசே வரல, தோரா."

அவள் வைக்கோலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். நெஞ்சு படக் படக்கென்று அடித்துக்கொண்டதை மழைச் சத்தம் மறைத்துக் காப்பாற்றியது.

வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. வேலியோரம் நின்று தோரா கத்தினாள் பாருங்கள்... "எமெட்! விடாதீங்க எமெட்!" கூட்டத்தில் எட்டாயிரம் பேர் கத்த, அவள் குரல் தனியாகக் கேட்டிருக்கும். ஆனால் கடைசிச் சுற்றில் 'சூறாவளி' ஷெர்வுட்டின் வெள்ளைக் கார் அவனை முந்திவிட்டது. அடுத்த ரேஸிலும் அதே கதை.

"ஒரு சுற்று அரை மைல், இருபத்தொன்பது விநாடி! உலக சாதனை!" என்று ரேஸ் குழுவின் ஆள் மெகாபோனில் முழங்கினான்.

தோரா தன் கழுத்தில் தொங்கிய நேரக் கடிகாரத்தைப் பார்த்தாள். குதிரைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பால்குடி மறப்பதற்குள் நேரம் பிடிக்கக் கற்றுக்கொள்வார்கள். அவர்களை ஏமாற்ற முடியாது. கடிகாரம் முப்பத்து மூன்றரை என்றது.

யோசித்துப் பார்த்தாள். இரண்டு ரேஸிலும், கடைசிச் சுற்றில், வடக்கு வளைவில் சிவப்புக் காரின் சத்தம் அடங்கியது. அதே இடம்! ஓடுகிற குதிரையின் வாயைப் பிடித்து இழுத்தால் அவளுக்குத் தெரியாதா?

காருக்கு அடியில் படுத்திருந்தவனைக் கூப்பிட்டு எழுப்பினாள். "நெசத்தைச் சொல்லுங்க. வடக்கு வளைவுல வேணும்னே பெடல்ல இருந்து காலை எடுத்தீங்களா, இல்லையா?"

எமெட் துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எங்க பொழப்பு அதான், தோரா. முதலாளி ஹாப்குட் காலையிலயே சொல்லிடுவாரு... இன்னிக்கு யார் முதல், யார் ரெண்டாவதுன்னு. ஷெர்வுட் பேருக்குத்தான் கூட்டம் வருது. அதனால அவன்தான் ஜெயிக்கணும். எல்லா ஊர்லயும் இப்படித்தான். ஜனங்க சந்தோஷமாத்தானே போறாங்க?"

"நானும் அந்த ஜனங்கள்ல ஒருத்திதான். தொண்டை கிழியக் கத்தினேன்."

"தோரா..."

"நேத்து மழையில சொன்னீங்களே, இந்த ஊரை விட்டுப் போக மனசு வரலைன்னு... அதையும் ஹாப்குட்தான் காலையில சொல்லி அனுப்பினாரா?"

அவன் முகம் செத்துப்போனது. அவள் நிற்கவில்லை. விறுவிறுவென்று நடந்து போய்க் குதிரையின் பிடரியில் முகம் புதைத்துக்கொண்டாள். இவன் சொன்னதில் எது நிஜம்? ஒன்றாவது நிஜமா? அது தெரியாமல் எப்படிச் சாப்பிடுவது, எப்படித் தூங்குவது?

சனிக்கிழமை கடைசி ரேஸ். இருபது சுற்று. காலையில் தண்ணீர் வண்டி ஓட்டும்போது அவளுக்குத் தடமே தெரியவில்லை. கண்ணெல்லாம் குளம். "வடக்கு வளைவு கொட்டடி நிழல்ல கிடக்கு, அங்க ஒரு தடவை போதும்," என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அன்று எத்தனை தடவை போனாள்? இரண்டா, மூன்றா? மேலே காய்ந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பத்தாவது சுற்றில் எமெட் முன்னால் போனான். பன்னிரண்டு... பதினைந்து... ஷெர்வுட் பின்னால் புழுதி தின்றுகொண்டிருந்தான். வேலியோரம் ஹாப்குட் தொப்பியை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். எமெட் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தோரா வேலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கடைசிச் சுற்று. வடக்கு வளைவு. இப்போது அடங்கும்... இதோ இப்போது...

சத்தம் அடங்கவில்லை!

அவள் நெஞ்சு துள்ளிய அதே நொடி, மேல்மண் பிளந்தது. சிவப்புக் கார் வழுக்கி, இரண்டு தரம் சுழன்று, வேலியை உடைத்துக்கொண்டு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. புழுதியும் சேறும் எல்லாவற்றையும் மூடிக்கொண்டன.

மூன்று தடவை! மூன்று தடவை நனைத்தேன்! ஐயோ!

அவள் வேலி தாண்டி ஓடினாள். எட்டாயிரம் பேர் பார்க்கிறார்களே என்றெல்லாம் தோன்றவே இல்லை. எமெட் காருக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தான். நெற்றியில் ரத்தம். ஆனால் உட்கார்ந்திருந்தான்!

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினாள். நீங்க, வாங்க எல்லாம் பறந்துவிட்டது. "எதுக்கு அவ்ளோ வேகமா வந்தே?"

"காலை எடுக்கத் தோணல," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு. "நீ பாத்துட்டு இருந்தியே..."

அதற்குள் ஹாப்குட் வந்துவிட்டார். "டேய் எமெட்! உன் வேலை போச்சு. அஞ்சு மணி ரயில்ல நீ வரவேண்டாம்!" என்று குதித்துவிட்டு, காரை இழுக்க ஆள் கூப்பிடப் போனார்.

பின்னாலேயே நீல்ஸ் மிக்கெல்சன் வந்தார். உடைந்த கை கழுத்தில் கட்டிய துணியில், மறு கையில் மண்வெட்டி. மகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கார் பறித்த குழியைப் பார்த்தார். குழியில் கால் வைத்தார், முழங்கால் வரை போனது.

"இது யாரு தப்புன்னு எனக்குத் தெரியும்," என்று மகளை முறைத்தார். பிறகு அவனிடம் திரும்பினார். "பதினெட்டாவது சுத்து முப்பத்தொண்ணு விநாடி. நானே நேரம் பிடிச்சேன். இந்தத் தடத்துல எந்தக் காரும் அப்படி ஓடினதில்ல."

"நன்றிங்கய்யா..."

"நன்றியெல்லாம் அப்புறம். தோண்டினவன்தான் மூடணும்." மண்வெட்டியை அவன் முன்னால் போட்டுவிட்டு நடந்தார். பத்தடி போய்த் திரும்பாமலே சொன்னார்: "முதல்ல தலையில கட்டுப் போட்டுக்க. ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கு."

ஐந்து மணி ரயில் கூவிக்கொண்டு போனது. கூட்டம் கலைந்துவிட்டது. தலையில் கட்டோடு எமெட் மண் அள்ளிப் போட, தோரா காலால் மிதித்து அமுக்கினாள்.

"நான்தான் மூணு தடவை நனைச்சேன்," என்றாள் தரையைப் பார்த்தபடி. "அழுதுட்டே ஓட்டினேன். அப்ப எத்தனை சுத்துன்னே தெரியல. உங்களைக் கொன்னிருப்பேன்."

"எனக்காகவா அழுதே?"

"பின்னே... குதிரைக்காகவா?"

அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். "தோரா, மூணு வருஷத்துல நான் ஜனங்க முன்னாடி எத்தனையோ பொய் ஓட்டியிருக்கேன். உன்கிட்ட ஒண்ணுகூட இல்ல. மழையன்னிக்குச் சொன்னதும் நெசம். உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப. கையில வேலையும் இல்ல, காரும் இல்ல, ஆனா..."

"போதும், போதும். வரிசையா இல்லாததையே சொல்லிட்டு இருக்கீங்க." அவள் நிமிர்ந்தாள். கன்னம் சிவந்திருந்தது, கண் மறுபடி கலங்கியிருந்தது. "உங்களை நான் காதலிக்கிறேன், எமெட். போதுமா? இனி இந்த ஊர்லயே இருங்க."