சிவப்புப் பொத்தான்

அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் தேவதர்ஷினியின் விரல் என்றைக்கு அவளைக் கேட்டுக்கொண்டு வேலை செய்திருக்கிறது?

சனிக்கிழமை. கார்ட்டூன் பாதியில் கடைக்குப் போக வேண்டியிருந்தது. மீதியைப் பதிவு செய்து வைக்கலாமென்று ரிமோட்டை எடுத்தாள். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ கேள்வி வந்தது. படிக்கப் பொறுமை ஏது? சிவப்பை அமுக்கிவிட்டு ஓடினாள்.

திரும்பி வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பென்டிரைவில் இடமில்லை, பழைய பதிவை அழிக்கட்டுமா என்று செட்டாப் பெட்டி கேட்டிருக்கிறது. இவளும் சரி என்றிருக்கிறாள்.

பழைய பதிவு ஒன்றே ஒன்றுதான். அப்பா.

போன கரும்பு வெட்டின்போது உள்ளூர் கேபிள் சேனலில் அப்பா தீனதயாளன் மூன்று நிமிடம் பேசினார். வீட்டில் எல்லோரும் ஆரவாரமாகப் பதிவு செய்தார்கள். பதினைந்தே நாளில், மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போன கரும்பு டிரெய்லர் டயர் வெடித்துக் கவிழ்ந்தது. லோடு மேல் உட்கார்ந்திருந்த அப்பா போய்விட்டார்.

டிராக்டரை ஓட்டியவர் அப்பாவின் உயிர் நண்பர் கந்தசாமி. அவர்மேல் தப்பில்லை என்று ஊரே சொன்னது. அம்மா தங்கமணி கேட்கவில்லை. "அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள். எட்டு மாதமாக முழிக்கவும் இல்லை.

தினமும் ஆறு மணிக்கு அம்மா களையெடுப்பு முடிந்து வருவாள். "போடு தர்ஷினி" என்பாள். அப்பா பேசுவார். பக்கத்தில் கந்தசாமி முகம் வந்ததும், "போதும், நிறுத்து" என்பாள். அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

இன்று ஆறு மணிக்கு என்ன சொல்வது? தர்ஷினி ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அழுதாள். அழுதால் அப்பா திரும்பி வருவாரா?

அப்போதுதான் நினைவு வந்தது. கந்தசாமி சித்தப்பாவும்தானே அன்று டிவியில் வந்தார்! அவரும் பதிவு செய்திருப்பாரே.

அடுத்த தெருவுக்கு ஓடினாள். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த கந்தசாமி அவளைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்தார். எட்டு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். டிராக்டர் பக்கமே போவதில்லையாம்.

"இன்னா பாப்பா? வூட்ல யாருக்கு இன்னா?"

"அப்பாவ அழிச்சிட்டேன் சித்தப்பா" என்று தேம்பித் தேம்பி எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க கிட்ட இருக்குதா?"

"இருக்குது. தெனம் பாக்கறேன்." அவர் பென்டிரைவை எடுத்து நீட்டினார். "எடுத்துக்கினு போ."

"இது பதிஞ்ச பொட்டில மட்டும்தான் ஓடுமாம். காப்பி போடப் போனப்ப, கள்ளக்குறிச்சியில செல்போன் கடை சுபுஹான் அண்ணன் சொல்லுச்சு."

"அப்ப பொட்டியையும் எடுத்துக்கோ."

தர்ஷினி அவர் முகத்தைப் பார்த்தாள். இவரும் தினமும் அப்பாவைப் பார்க்கிறார், தனியாக.

"எனக்கு ஒயர் மாட்டத் தெரியாதே" என்றாள்.

சுத்தப் பொய். அந்த வீட்டில் ஒயர் மாட்டுவதே அவள்தான்.

"அண்ணி என்னப் பாத்தா..." என்று இழுத்தார் கந்தசாமி. பிறகு பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தார்.

அம்மா வந்தாள். வாசலிலேயே தர்ஷினி சொல்லிவிட்டாள்.

"நான்தாம்மா அழிச்சிட்டேன். தெரியாம அமுக்கிட்டேன்."

அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அடித்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது தர்ஷினிக்கு.

"சித்தப்பா வூட்ல இருக்குதும்மா. அவரு பொட்டிலதான் ஓடும். அதான் கூட்டிக்கினு வந்தேன்."

அம்மா நிமிர்ந்தாள். தெருக்குழாய் ஓரத்தில் கந்தசாமி தலைகுனிந்து நின்றிருந்தார். அம்மா எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

கந்தசாமி உள்ளே வந்து, ஒயரை மாட்டிவிட்டு, வாசலுக்கே திரும்பிப் போனார்.

அப்பா வந்தார். மைக்கை மோர்க் குவளை மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "நான் நல்லா தெரியறனாங்க? எம் பொண்ணு பாக்கும்" என்றார்.

கரும்பைப் பற்றிப் பேசினார். வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு கந்தசாமியின் முகம் வந்தது. தர்ஷினி நிறுத்தத் தயாராக இருந்தாள்.

அம்மா "போதும்" என்று சொல்லவில்லை.

அப்பா கந்தசாமியின் தோளில் கை போட்டார். "இவன் கந்தசாமிங்க. இவன் ஓட்டனா, லோடு மேல நான் பாட்டுக்குத் தூங்கிக்கினே போவேன். எங்கூடப் பொறக்காத தம்பிங்க."

வாசலில் கந்தசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே அம்மா வாய்விட்டு அழுதாள். தர்ஷினிக்குப் பயமாகக்கூட இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"தம்பி, வாசல்ல இன்னா நின்னுக்கினு? உள்ள வந்து ஒக்காரு. சோறாக்கறேன்."

கந்தசாமி வந்து சுவரோரம் உட்கார்ந்தார். அடுப்பு பற்றியது.

தர்ஷினி ரிமோட்டை எடுத்தாள். சிவப்புப் பொத்தான் பக்கமே விரலைக் கொண்டுபோகாமல், அப்பாவை மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.