வனத்திரை சிவந்த மாலை

வனத்திரை சிவக்கத் தொடங்கியதும், விழாக் காட்சி என்று நினைத்து அரங்கமே எழுந்து கைதட்டியது. அதை நெய்த சலோமி மட்டும் கைதட்டவில்லை.

அது சாதாரணத் துணி இல்லை. அதன் ஒவ்வோர் உணர்நூலும் கருமலைச் சோலையில் ஒரு மரத்தின் வேரோடு தொடர்பில் இருப்பது. மரம் நலமாக இருந்தால் நூல் பச்சை, தாகத்தில் தவித்தால் மஞ்சள், வெட்டுப்பட்டால் சிவப்பு. முதல்முறை அது சிவந்தபோது நகரமே பதறிப்போய்த் தெருவில் இறங்கியது. மலைச்சாலைத் திட்டத்தை அரசு கைவிட்டது. அதன்பின் வீட்டுக்கு வீடு அந்தத் திரையின் ஒரு கீற்று தொங்கியது. காலையில் காப்பிக்கு முன் ஜனங்கள் அதைத்தான் பார்த்தார்கள். திரையே காவல் காக்கிறதே என்று காவலர்களையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். போஜன் ஒருவர்தான் மிச்சம்.

சலோமி அவரைக் கைப்பேசியில் பிடித்தாள்.

"யாரோ மரத்த வெட்டுறாங்க போஜண்ணே! சீக்கிரம் போங்க!"

"இங்கதாம்மா நிக்கிறேன். மதி சார் அனுப்புன ஆளுங்கதானே? உங்க விழாவுக்குன்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

விழாவை நடத்தும் மதியழகன் மேடையோரம் சிரித்தபடி நின்றிருந்தான். கல்லூரி நாளிலிருந்து கூடவே வந்தவன். அட்டைக்கடியைப் பொறுத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து வேரடியில் உணர்முனைகளைப் புதைத்தவன். அவள் போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"கத்தாத சலோ. பத்து மரம், அவ்வளவுதான். பச்சையவே எத்தன நாளு பாப்பாங்க? செவந்தாத்தான் காட்டு மேல பாசம் வருது. மொதத் தடவையும் அப்படித்தானே வந்துச்சு?"

"மொதத் தடவ... அதுவும் நீயா?"

அவன் அவள் கையைச் சட்டையிலிருந்து விலக்கிவிட்டான். இத்தனை வருடம் நம்பியவன் இப்படிக் கழுத்தறுப்பான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. துரோகி! ஊர் தன்னைக் கொண்டாடியதெல்லாம் இவன் வெட்டிச் சாய்த்த மரங்களாலா?

இனி யாருக்கும் இந்த வேடிக்கை கிடையாது. பார்க்க ஆளில்லாவிட்டால் வெட்டுவதற்கும் அவசியம் இருக்காது. பையிலிருந்த கத்தரியை எடுத்து, எல்லா நூல்களும் வந்து சேரும் தாய்நூலை ஒரே வெட்டாக வெட்டினாள். சிவப்பும் பச்சையும் வடிந்து திரை வெளிறியது. நகரத்து வீடுகளில் தொங்கிய கீற்றுகளும் அதோடு வெளிறின.

கைப்பேசி அடித்தது. போஜன்தான்.

"அம்மா, இவங்க ஒண்ணு கேக்கச் சொல்றாங்க." பின்னால் ரம்பங்கள் இரைந்தன. "துணி செத்துப்போச்சுன்னு நேரலையில பாத்தாங்களாம். இனிமே எத்தன மரம் வெட்டுனாலும் யாருக்கும் தெரியாதாமே. நெசந்தானாம்மா?"